சிஓ2 கம்ப்ரசரில் ஃப்ளோ ஆடுகிறது, எஃபிசியன்சி 112% காட்டுகிறது – அவசரம்

லூப்_மாணவன்:
வணக்கம். எங்கள் லேபில் சின்ன சூப்பர்கிரிட்டிக்கல் சிஓ2 லூப் ஒன்று இருக்கிறது (திரவம், வாயு என்ற வித்தியாசம் மறையும் நிலையில் கார்பன் டையாக்சைடைச் சுற்றவிடும் அமைப்பு). கம்ப்ரசரில் ஃப்ளோ நிலையாக நிற்க மாட்டேன் என்கிறது. ஏறுகிறது, இறங்குகிறது, கூடவே டிஸ்சார்ஜ் பிரஷரும் ஆடுகிறது. ரீசைக்கிள் வால்வைத் (வெளிவரும் வாயுவில் கொஞ்சத்தை இன்லெட்டுக்கே திருப்புவது) திறந்தால் இன்னும் மோசம். போதாக்குறைக்கு எஃபிசியன்சி 112% வருகிறது. இது சர்ஜா (ஃப்ளோ குறைந்து வாயு பின்னோக்கித் திரும்பி உதறுவது)? நாளை கைடிடம் கிராஃப் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சுழலி77:
இன்லெட் டெம்பரேச்சர், பிரஷர், ஆர்பிஎம் எதுவுமே சொல்லவில்லையே நண்பா. எத்தனை விநாடிக்கு ஒரு தடவை ஆடுகிறது? அதைச் சொன்னாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

குளிர்பெட்டி:
இம்பெல்லர் (கம்ப்ரசரின் சுழலும் சக்கரம்) வாயில் கண்டென்சேஷன், சந்தேகமே வேண்டாம். பிளேடு முனையில் வேகம் கூடும்போது ஸ்டாட்டிக் பிரஷரும் டெம்பரேச்சரும் சேர்ந்து விழும். 30.98 டிகிரி, 73.8 பார் என்ற கிரிட்டிக்கல் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஓட்டினால் அங்கே திரவம் துளிர்க்கத்தான் செய்யும். இன்லெட்டை 40 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள்.

டர்போ_பெரியவர்:
112% என்று வந்ததுமே தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தைத் திறந்திருக்க வேண்டும் தம்பி. சர்ஜ் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு கம்ப்ரசர் பக்கம் போங்கள். இதே கேள்விக்கு இங்கே ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது, தேடிப் பார்க்கவும்.

சுழலி77:
தேடினேன் ஐயா. அந்த இழையிலும் நீங்கள் "தேடிப் பார்க்கவும்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஃபிளேஞ்ச்:
சிலிண்டர் எந்த கிரேடு? நைட்ரஜன் கொஞ்சம் கலந்திருந்தாலும் கிரிட்டிக்கல் பாயின்ட் நகர்ந்துவிடும். ரெஃப்ப்ராப் என்ற ப்ராப்பர்ட்டி சாஃப்ட்வேரில் சுத்தமான சிஓ2 என்று போட்டு எடுத்த எண்கள் அப்புறம் பொருந்தாது.

லூப்_மாணவன்:
மன்னிக்கவும். இன்லெட் 33 டிகிரி, 78 பார். டெம்பரேச்சருக்கு கே டைப் தெர்மோகப்பிள், பைப்பின் வெளிச்சுவரில் கட்டியிருக்கிறது. இன்லெட் பக்கம் கோரியோலிஸ் ஃப்ளோ மீட்டர். சுமார் 40 விநாடிக்கு ஒரு முறை ஆடுகிறது. கேஸ் வெல்டிங் சப்ளைக்காரரிடம் வாங்கியது.

சுழலி77:
40 விநாடி என்றால் சர்ஜ் இல்லை. இவ்வளவு சின்ன லூப்பில் சர்ஜ் வந்தால் விநாடிக்குச் சில தடவை உதறும், சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு மெதுவாக ஆடுவது கூலரும் அதன் கன்ட்ரோல் வால்வும்தான் என்று நினைக்கிறேன்.

80 பாரில் சிஓ2 அடர்த்தியைப் பாருங்கள்: 30 டிகிரியில் கன மீட்டருக்கு 702 கிலோ, 35-ல் 419, 40-ல் 278. நீங்கள் நிற்பது இந்தச் சரிவின் நடுவில். சில்லரிலிருந்து கூலருக்கு வரும் தண்ணீர் அரை டிகிரி அசைந்தால் அடர்த்தி எங்கேயோ போய்விடும். அதே ஆர்பிஎம்மில் ஹெட் (கிலோவுக்குக் கம்ப்ரசர் கொடுக்கும் வேலை) பெரிதாக மாறாது, ஆனால் பிரஷர் ஏற்றம் என்பது ஹெட்டையும் அடர்த்தியையும் பெருக்கி வருவது. அதனால் டிஸ்சார்ஜ் பிரஷர் ஆடும், ஃப்ளோ பின்னாலேயே ஆடும். மாஸ் ஃப்ளோ அப்படியே இருந்தாலும் வால்யூம் ஃப்ளோ மாறும், கம்ப்ரசர் மேப்பில் (ஃப்ளோவுக்கு எதிராக பிரஷர் ஏற்றத்தைக் காட்டும் வரைபடம்) உங்கள் புள்ளி சர்ஜ் பக்கமும் சோக் பக்கமுமாக (இதற்கு மேல் ஃப்ளோ ஏறாத எல்லை) நடந்துகொண்டிருக்கும்.

எஃபிசியன்சிக்கு வருவோம். அந்தச் சரிவின் நடுவில் தன் வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம்) உச்சத்தைத் தொடும்; 80 பாரிலேயே அது 30 கிலோஜூலைத் தாண்டும். அரை டிகிரி தப்பாகப் படித்தால் என்தால்பியில் (எஃபிசியன்சி கணக்கில் வரும் வெப்ப ஆற்றல் அளவு) கிலோவுக்கு 15 கிலோஜூல் பிழை. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தின் சிஓ2 கம்ப்ரசரை எடுத்துக்கொள்ளுங்கள்: 37.3 மில்லிமீட்டர் இம்பெல்லர், 75,000 ஆர்பிஎம், இன்லெட் 32.1 டிகிரி, 76.9 பார், பிரஷர் ரேஷியோ 1.8. அதன் ஐடியல் வேலையே கிலோவுக்கு 10 கிலோஜூல் சொச்சம்தான், அந்தப் பிழையைவிடக் குறைவு. கே டைப்பில் முதல் தரத்துக்கே 1.5 டிகிரி வரை பிழை அனுமதி. அதையும் வெளிச்சுவரில் கட்டியிருக்கிறீர்கள். 112 வந்ததோடு விட்டதே என்று சந்தோஷப்படுங்கள்.

கோரியோலிஸ் மீட்டர் அடர்த்தியையும் தரும். அந்த அடர்த்தியையும் பிரஷரையும் வைத்து இன்லெட் என்தால்பி எடுங்கள். தெர்மோகப்பிளை மறந்துவிடுங்கள். அப்புறம் ரீசைக்கிள் லைன் எங்கே சேர்கிறது? கூலருக்குப் பிறகு என்றால் சூடான வாயுவை நேராக இன்லெட்டில் ஊற்றுகிறீர்கள்.

குளிர்பெட்டி:
எல்லாம் சரி, கண்டென்சேஷனை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்களே.

சுழலி77:
தள்ளவில்லை. சாண்டியாவில் இன்லெட் இருநிலைப் பகுதிக்குள் (திரவமும் வாயுவும் சேர்ந்து இருப்பது) போனபோதும் கம்ப்ரசர் ஓடியிருக்கிறது. பிளேடு வாயில் வாயு இருப்பது மைக்ரோ விநாடிக் கணக்கு, துளி வளரவே நேரம் பத்தாது.

குளிர்பெட்டி:
இம்பெல்லர் உடையவில்லை என்பது வேறு, பெர்ஃபார்மன்ஸ் மாறவில்லை என்பது வேறு. துளி வந்தால் அங்கே ஒலி வேகம் சட்டென்று விழும், சோக் எல்லை முன்னாலேயே வந்து நிற்கும். சிஎஃப்டியில் (கம்ப்யூட்டரில் ஃப்ளோவைக் கணக்கிடுவது) ப்ராப்பர்ட்டி டேபிளை அகலக் கட்டத்தில் போட்டவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

டர்போ_பெரியவர்:
இந்தச் சண்டையே வீண். நம்மூர் வெயிலில் 33 டிகிரி இன்லெட்டுக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கும்? ஏர் கூலர் போட்டால் 45-க்குக் கீழே இறங்காது. அடர்த்தி போச்சு, கம்ப்ரசர் வேலை ஏறும், சிஓ2 வைத்து மின்சாரம் எடுக்கும் சைக்கிளின் லாபமே அதோடு சரி. லேபில் சில்லர் வைத்து ஓட்டி பேப்பர் எழுதலாம், அவ்வளவுதான்.

ஃபிளேஞ்ச்:
அமெரிக்காவின் சான் அன்டோனியோவும் ஊட்டி இல்லை ஐயா. அங்கே 10 மெகாவாட் அளவில் கட்டிய ஸ்டெப் என்ற சிஓ2 சோதனை ஆலை 2024-ல் மின்சாரம் எடுத்ததே.

டர்போ_பெரியவர்:
ஓடுவது வேறு, காசு கட்டுவது வேறு. ஸ்டீம் டர்பைனை யாரும் கழற்றி வைக்கவில்லை.

குளிர்பெட்டி:
45-ல் ஓட்டினால் ஒரு நல்லதும் உண்டு: கன்ட்ரோல் சுலபம், கண்டென்சேஷன் பயமும் இல்லை. நான் முதலிலேயே 40 என்றேன்.

ஃபிளேஞ்ச்:
நோயாளியைக் கொன்று காய்ச்சலைக் குறைப்பது மாதிரி.

லூப்_மாணவன்:
சில்லர் பைபாஸ் வால்வை மேனுவலில் போட்டதும் ஆட்டம் நின்றது. அடர்த்தி வைத்துக் கணக்கிட்டால் எஃபிசியன்சி 64%. ரீசைக்கிள் லைன் கூலருக்குப் பிறகுதான் சேர்கிறது. நன்றி.

சுழலி77:
நல்லது. ஆட்டோவில் திரும்பப் போடும்முன் அந்த வால்வின் கெய்னைக் (சின்ன மாற்றத்துக்கு வால்வு எவ்வளவு வேகமாக அசைகிறது என்ற அமைப்பு) குறையுங்கள். இன்னொன்று: ரீசைக்கிள் லைனைக் கூலருக்கு முன்னால் மாற்றும் வரை அவுட்லெட் வால்வை மூடி சர்ஜ் எல்லை தேட வேண்டாம். அப்போது ரீசைக்கிள் திறந்தால் இன்லெட் சூடாகி மேப்பே வேறாகிவிடும். ஆர்பிஎம் எவ்வளவு?