‘ஓப்பன் போல்ட்’: ‘திறந்த தாழ்’ பொருந்துமா?

நண்பர்களே, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த ஸ்டென் கன் என்ற தானியங்கித் துப்பாக்கி பற்றிய கட்டுரைக்காக, அது சுடும் முறையான ‘ஓப்பன் போல்ட்’ என்பதைத் ‘திறந்த தாழ்’ என்று எழுதலாம் என்றீர்கள். ‘தாழ்’ நல்ல சொல், கதவிலிருந்து வந்தது, யாருக்கும் விளங்கும். எனக்கு நெருடுவது ‘திறந்த’தான். தாழ் திறந்திருக்கிறது என்றால் கதவைத் தள்ளலாம் என்றுதானே நினைப்போம்? இங்கே நடப்பது வேறு.

ஸ்டென்னின் பக்கவாட்டுப் பிடியை இழுத்தால், குழாய்க்குள் இருக்கும் கனத்த எஃகுக் கட்டை (இதுதான் ‘போல்ட்’) பின்னால் போய் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். விசையை அழுத்தியதும் கொக்கி விடும். சுருள்வில் தள்ள, கட்டை முன்னால் பாய்ந்து, போகிற போக்கில் மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி) ஒரு தோட்டாவை உருவிக் குழலுக்குள் செருகும். கட்டையின் முகத்திலேயே சிறு முனை அசையாமல் நிற்கிறது. அது குத்தியதும் தோட்டா வெடிக்கும். தனிச் சுத்தியல் இல்லை, தனி ஊசி இல்லை. 1940இல் பிரான்சின் டன்கர்க் துறைமுகத்தில் ஆயுதங்களை விட்டுவிட்டுத் திரும்பிய பிரிட்டனுக்கு இந்த எளிமைதான் கைகொடுத்தது. பொம்மை செய்த லைன்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் கூட ஸ்டென்னின் ஒரு வகையான மார்க் 3ஐச் செய்து கொடுத்தது. எல்லா வகையும் சேர்த்துச் சுமார் 40 லட்சம் செய்தார்கள்.

ஆக, சொல்ல வேண்டியது கட்டை எங்கே காத்து நிற்கிறது என்பதைத்தான். சுடாத நேரத்தில் குழல் காலியாக இருப்பதால் காற்றுப் புகுந்து ஆறுகிறது; சூட்டில் தோட்டா தானாக வெடிக்காது. அதே காரணத்தால்தான் குறியும் தவறுகிறது: விசையை அழுத்திய பிறகு இவ்வளவு கனம் முன்னால் ஓடி மோதினால் கை அசையத்தானே செய்யும்?

இன்னும் மோசமானது கீழே விழுவது. மேகசின் மாட்டி, கட்டை முன்னால் இருக்கும்போது துப்பாக்கியின் பின்முனை (தோளில் வைக்கும் பகுதி) தரையில் மோதினால், கட்டை குலுங்கிப் பின்னால் நகரும். கொக்கிவரை போகாது, ஆனால் ஒரு தோட்டாவை எடுக்கும் தூரம் போய்விட்டால் போதும், திரும்பி வந்து சுட்டுவிடும். விசையை யாரும் தொடவே வேண்டாம். பிறகு பிடியை உள்ளே அழுத்திக் கட்டையை முன்னாலேயே பூட்டிவைக்க வழி செய்தார்கள்.

மேகசின் கோளாறு தனிக் கதை. 32 தோட்டாக்கள் இரண்டு வரிசையாக ஏறி வந்து வாயருகே ஒற்றை வரிசையாக நெருங்கும். வாய் கொஞ்சம் நெளிந்தாலோ தூசி சேர்ந்தாலோ சிக்கிவிடும். அதனால் வீரர்கள் சில தோட்டாக்களைக் குறைத்தே நிரப்பினார்கள். 1942 மே 27 அன்று பிராக்கில் நாஜித் தலைவர் ஹைட்ரிக்கைக் கொல்ல வந்த செக்கோஸ்லோவாக்கிய வீரர் கப்சிக், அவரது கார் முன் நீட்டிய ஸ்டென் சுடவில்லை. கூட இருந்த குபிஷ் எறிந்த குண்டுதான் வேலை செய்தது. எந்தக் கோளாறு என்று கட்டுரையில் அடித்துச் சொல்ல வேண்டாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘நாணேற்றிய தாழ்’ (சுடத் தயாராக இழுத்து மாட்டிய தாழ்) என்றும் சொல்லலாம், கேட்க அழகுதான். ஆனால் கட்டை முன்னால் நிற்கும் துப்பாக்கியையும் நாணேற்றலாமே? ‘பின்னிலை’ என்றால் அதன் இணை ‘முன்னிலை’ ஆகும். அதை இலக்கணம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ‘முன்னிருப்பு’ என்பதும் ‘டீஃபால்ட்’ என்ற பொருளில் கணினிக்காரர்களிடம் இருக்கிறது.

என் பரிந்துரை: ‘ஓப்பன் போல்ட்’டுக்குப் பின்தாழ் முறை, கட்டை முன்னால் காத்து நிற்கும் ‘குளோஸ்டு போல்ட்’டுக்கு முன்தாழ் முறை. ‘முறை’ அவசியம். இல்லாவிட்டால் பின்னால் இன்னொரு தாழ் இருப்பதாகத் தோன்றும். ஸ்டென்னில் கட்டை எதையும் பூட்டுவதில்லை, எடைதானே வெடிப்பைத் தாங்குகிறது, அதைத் தாழ் என்பதா என்று ஒருவர் கேட்டது நியாயமே. ஆனால் ரைஃபிளில் அது உண்மையாகவே பூட்டுகிறது. ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் வைத்தால் படிப்பவர்தான் திண்டாடுவார்.

அந்தக் கொக்கிக்கு இப்போதைக்குப் ‘பிடிகொக்கி’ என்று போட்டிருக்கிறேன். பட்டறையில் வழங்கும் சொல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.