மறு: [கலைச்சொல்] கிக்டவுன், கியர் ஹண்டிங் – இன்னும் முடியவில்லை

நண்பர்களுக்கு வணக்கம்.

பந்தயத் தடக் கையேட்டுக்கான பட்டியலில் இரண்டு சொற்கள் மட்டும் இழுத்துக்கொண்டே போகின்றன. போன மடலில் வந்தது:

> கிக்டவுன் – உதைத்தாழ்வு. கியர் ஹண்டிங் – பல்லிணை வேட்டை. சேர்த்துவிடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. இதைப் படிக்கப்போகிறவர் வீட்டு ஆட்டோமேட்டிக் காரை எடுத்துக்கொண்டு புதுச்சேரியிலிருந்தோ கடலூரிலிருந்தோ திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை போய், 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் உள்ள தடத்தில் முதல்முறை இறங்குகிற ஆள். "உதைத்தாழ்வு" என்று பார்த்தால் எதை உதைக்க வேண்டும் என்றுதான் யோசிப்பார்.

கிக்டவுனில் நடப்பது என்ன? நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் அசைந்து அசைந்து போகிறது. தாண்ட வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்துகிறோம். பல கார்களில் மிதி அடியைத் தொடும் இடத்தில் ஒரு சின்னத் தடை இருக்கும். அதையும் தாண்டினால் 'டக்'கென்று காலுக்குத் தெரியும். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அப்புறம் கியர் ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்கி, இன்ஜின் அலறி, கார் பாயும். பழைய வண்டிகளில் இதற்கென்றே மிதியிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். இப்போது மிதியில் உள்ள சென்சார் சொல்ல, கணினி இறக்குகிறது. மிதித்ததால் இறங்குகிறது, எனவே மிதியிறக்கம். உதையும் இல்லை, தாழ்வும் இல்லை.

சாலையில் கைகொடுக்கும் இதே மிதியிறக்கம் தடத்தில் வம்பு. வளைவின் நடுவில் டயர் தன் பிடிப்பில் பெரும்பங்கைத் திரும்புவதற்கே செலவழித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஓட்டுநர் கொஞ்சம் அதிகமாக மிதிக்க, கியர் பெட்டி தானாக ஒரு கியரை இறக்கினால், சக்கரத்துக்குப் போகும் இழுவிசை திடீரென்று எகிறும். நம் ஊர் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. அவை ஸ்டியரிங் திருப்பியிருந்தும் நேராகப் போகப் பார்க்கும். பின்சக்கர இழுவை என்றால் வால் வெளியே வரும். அதனால்தான் வளைவுக்கு முன்பே, நேர்க்கோட்டிலேயே பிரேக் பிடித்து, மேனுவல் நிலையில் வேண்டிய கியரைத் தேர்ந்து வைத்துக்கொண்டு நுழையச் சொல்கிறோம். மேனுவலில் போட்டாலும் சில கார்கள் மிதியை முழுக்க அழுத்தினால் பேச்சைக் கேட்காமல் இறக்கிவிடும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

அடுத்தது ஹண்டிங். வேட்டை என்றால் தமிழில் இரை ஒன்று வேண்டும். இங்கே பெட்டி எதையும் தேடிப் பிடிப்பதில்லை. முடிவெடுக்கத் தெரியாமல் தவிக்கிறது. திருப்பாப்புலியூர்ப் பக்கமிருந்து கேப்பர் மலை ஏறும்போது சில கார்கள் மூன்றுக்கும் நான்குக்குமாக மாறி மாறிப் போகுமே, அதுதான். "பல்லாட்டம்" என்ற யோசனையை ரசித்தேன், ஆனால் கையேட்டை வாங்கியவர் பல் மருத்துவரிடம் போய்விடுவார்.

கியர் மாற்றுவதற்கு "பல்லிணை மாற்றம்" என்பதிலேயே எனக்கு ஒரு தகராறு உண்டு. மேனுவல் பெட்டிக்கு அது ஒருமாதிரி பொருந்தும். டார்க் கன்வெர்டர் (கிளட்ச் மிதிக்கு வேலையில்லாமல், எண்ணெய் வழியாக இன்ஜின் விசையைக் கடத்தும் உறுப்பு) வைத்த வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் இருப்பவை சூரியனும் கோள்களுமாகச் சுற்றும் பற்சக்கரத் தொகுதிகள். அவற்றின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று இணைந்தேதான் இருக்கின்றன. உள்ளே இருக்கும் கிளட்ச்சுகள் எந்த உறுப்பைப் பிடித்து நிறுத்துகின்றன, எதை விடுகின்றன என்பதைப் பொறுத்து விகிதம் மாறுகிறது. பல் எதுவும் இடம் மாறுவதில்லை. ஆகவே கியருக்குப் 'படி' என்பதே போதும்: படியேற்றம், படியிறக்கம், இந்தத் தவிப்புக்குப் படியலைவு. ஒவ்வொரு அலைவிலும் கிளட்ச் கொஞ்சம் வழுக்கிச் சூடாகும், அந்தச் சூடு கியர் ஆயிலில் சேரும். தடத்தில் வேகமாகச் சில சுற்றுகள் போனதும் ஒரு சுற்று மெதுவாகப் போய் ஆறவிடச் சொல்வதற்கு பிரேக் மட்டும் காரணமல்ல.

ஆட்டோமேட்டிக்குக்கும் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம், இதற்கெல்லாம் சொல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். 1966இல் நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தை வென்ற சாப்பரல் 2டி என்ற அமெரிக்கப் பந்தயக் காரில் டார்க் கன்வெர்டர்தான். ஃபில் ஹில்லும் யோ பானியரும் ஓட்டினார்கள். கிளட்ச் மிதி இல்லாததால் இடது கால் சும்மா இருந்தது; அதே ஆண்டு வந்த 2இ காரில் பின்புற இறக்கையைச் சாய்க்க அந்தக் காலைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால் படியைத் தேர்ந்தது ஓட்டுநர் கைதான், பெட்டி அல்ல. நாம் மேனுவலில் போடச் சொல்வதும் இதற்குத்தான்.

'ரோடு கோர்ஸ்' (இடமும் வலமுமாக வளைவுகள் உள்ள பந்தயத் தடம்) – வளைதடம். இதில் யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

புதுவையிலிருந்து

---

கடலூர் பட்டறையிலிருந்து எழுதுகிறேன். படியலைவு சரி. மிதியிறக்கத்தில் ஒரு சிக்கல். பிரேக்கும் மிதிதானே? ஸ்போர்ட் நிலையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சில பெட்டிகள் கியரை இறக்கும். பையன்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். அப்புறம் சி.வி.டி. என்ற வகை ஆட்டோமேட்டிக் பற்றி யாருமே பேசவில்லை. அதில் படியே கிடையாது, பெல்ட்டும் புல்லியும்தான். அங்கே என்ன சொல்வீர்கள்?

---

மறுபடியும் புதுவையிலிருந்து. அண்ணா, பிரேக் விஷயம் நியாயம். அது தடத்தில் நமக்கு வேண்டிய இறக்கம். வளைவுக்குள் நுழையும் முன்பே நடந்துவிடுகிறது. அதற்கு 'பிரேக் இறக்கம்' என்று தனிப் பதிவு போடுகிறேன். மிதியிறக்கம் என்ற பதிவில் முதல் வரியே "ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது" என்று தொடங்கட்டும்.

சி.வி.டி.க்கு மிதியிறக்கம் அப்படியே பொருந்தும், அந்தச் சொல்லில் படி இல்லை பாருங்கள். மிதித்தால் விகிதம் வழுக்கிக்கொண்டு இறங்கும், இன்ஜின் சத்தம் ஒரே சுருதியில் நிற்கும். படியலைவு அதற்கு வேண்டாம். ஆனால் இப்போது பல சி.வி.டி.களில் ஆறு, ஏழு கியர் இருப்பதுபோல மென்பொருளிலேயே நடிக்க வைக்கிறார்கள். அவற்றைப் பொய்ப்படி என்று போட்டிருக்கிறேன். பொய்க்கால் குதிரை ஆடுகிற ஊரில் இதற்கு ஆட்சேபம் வராது என்று நம்புகிறேன். வந்தால் கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.