கணேசன் சித்தப்பா மணிவிழா, திருக்கடையூர் (குழு)

செந்தில்: எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை காலைல 6 மணிக்கு பூஜை. வியாழன் சாயங்காலமே திருக்கடையூர் வந்துடணும். ரூம் 8 சொல்லியாச்சு. யார் எப்படி வர்றீங்கன்னு போடுங்க.

பாபு மாமா: வேன் ஒண்ணு. மாயவரம் ஜங்ஷன்ல 4 மணி.

திவ்யா: நாங்க நாலு பேர் வேன்ல வரல மாமா. வியாழன் காலைல மாயவரத்துல கிளம்பி, தரங்கம்பாடி பழைய ரயில் பாதையிலயே நடந்து வந்துடறோம்.

கமலா அத்தை: எது

கமலா அத்தை: தண்டவாளமே இல்லியேடி அங்க

சுகன்யா அண்ணி: வேன்ல நாலு சீட் மிச்சம். நல்லதுதான்

மூர்த்தி பெரியப்பா: திவ்யா, நிதானமா படி. அது 1926ல போட்ட மீட்டர் கேஜ் லைன். மாயவரம் ஜங்ஷன், டவுன், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், தரங்கம்பாடி. மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். 80கள்ல வண்டியை நிறுத்திட்டு தண்டவாளத்தைப் பிடுங்கிட்டாங்க. திருக்கடையூர் வரைக்கும் 22 வரும். ரோட்டுல கிலோமீட்டருக்கு 12 நிமிஷம்னா தண்டவாளம் இருந்த மண் கரை மேல 20 நிமிஷம் வை. ஏழு மணி நேரத்துக்கு மேல ஆயிடும், சாப்பாடு, உட்கார்றது சேர்க்காம.

திவ்யா: ஐயோ

மூர்த்தி பெரியப்பா: டவுனுக்குள்ள பாதை எதுன்னே தெரியாது, வீடு கட்டிட்டாங்க. அதனால செம்பனார்கோயில் வரைக்கும் பஸ்ஸுல போயிடுங்க. அங்கேருந்து ஆக்கூர் வழியா திருக்கடையூர் 11, 12 கிலோமீட்டர்தான். நாலு மணி நேரம். 6 மணிக்கு ஆரம்பிச்சா வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடலாம்.

பாபு மாமா: சமையல்காரர் கேக்குறார், இலைக்கு 150 போதுமா?

கமலா அத்தை: நம்ம ஆளுங்களே 150

செந்தில்: அத்தை, லிஸ்ட்ல 120தான் இருக்கு

கமலா அத்தை: பொறையார்க்காரங்களை விட்டுட்டியா

சுகன்யா அண்ணி: அவங்களுக்கு யார் சொல்றது

கமலா அத்தை: வீட்டை வித்தவங்கதான் சொல்லணும்

பாபு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மூர்த்தி பெரியப்பா: கரை எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு சொல்லிடறேன். ரோடு ஊருக்கு ஊர் ஒடிஞ்சு திரும்பும். ரயில் பாதை அப்படித் திரும்பாது. 2 டிகிரி வளைவுன்னாலே 875 மீட்டர் ஆரம், அவ்வளவு மெதுவாத்தான் வளையும். செல்போன்ல சாட்டிலைட் படத்தைப் போட்டுப் பாத்தா வயலுக்கு நடுவுல கோடு கிழிச்ச மாதிரி புதர் வரிசை ஒண்ணு தெரியும், அதான். இறங்கிப் பாத்தா மேல்தளம் சுமார் 5 மீட்டர் அகலம், ரெண்டு பக்கமும் நீளமா பள்ளம். கரை போட மண் வெட்டின பள்ளம் அது, கோரை முளைச்சுக் கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் பள்ளம் இருந்தா அது வாய்க்கால் கரை. ஏமாந்துடாதீங்க.

செந்தில்: பெரியப்பா ரயில்வேலேருந்து இன்னும் ரிட்டயர் ஆகல

திவ்யா: இல்லடா, இது வேணும். பெரியப்பா, பாலமெல்லாம்?

மூர்த்தி பெரியப்பா: அதான் முக்கியம். தண்டவாளம் பிடுங்கும்போது பாலத்தோட இரும்பு உத்தரத்தையும் (கர்டர்) கழட்டிடுவாங்க. ரெண்டு பக்கமும் செங்கல் சுவர் மட்டும் நிக்கும். அது மேல ஏறாதீங்க. அரசங்கன்னு வேர் விட்டு காரையெல்லாம் விட்டுப்போயிருக்கும், கால் வெச்சா கல்லோட வரும். வாய்க்கால்ல தண்ணி இல்லையேன்னு இறங்கவும் கூடாது. மேட்டூரை ஜனவரி 28ல மூடிடுவாங்க, மாசியில மேல காஞ்ச மாதிரிதான் இருக்கும், அடியில முழங்கால் அளவு சேறு. வாய்க்கால் கரையோட நடந்து ரோட்டுப் பாலத்துல தாண்டி, அந்தப் பக்கக் கரையிலயே திரும்பி வந்து ஏறுங்க. ஒவ்வொரு பாலத்துக்கும் அரை மணி சேத்துக்கோ.

திவ்யா: நேரா வயல்ல இறங்கிப் போனா?

மூர்த்தி பெரியப்பா: சம்பா அறுத்ததும் உளுந்து, பயறு போட்டிருப்பாங்க. மிதிச்சா ஏசுவாங்க, ஏசத்தான் செய்யணும். வரப்புல போ. இடம் இன்னும் ரயில்வேயோடது, கேட்டா அத்துமீறல்தான். யாராவது போகாதேன்னா சண்டை போடாம ரோட்டுக்கு வந்துடு.

கமலா அத்தை: பாம்பு இருக்கும்ணே

மூர்த்தி பெரியப்பா: இருக்கும். கண்ணாடிவிரியன். ஜல்லி மிச்சம் கிடக்கிற இடத்துலயும் வைக்கோல் அடியிலயும் படுத்திருக்கும். ஆளுக்கொரு கம்பு, தட்டிக்கிட்டே போகணும். கடிச்சா கட்டு போடறது, கீறி விடறது எதுவும் வேணாம். காலை அசைக்காம படுக்க வெச்சு 108க்குப் போடு, மாயவரம் பெரியாஸ்பத்திரி.

சுகன்யா அண்ணி: மணிவிழா சமயத்துல பேசற பேச்சா இது

மூர்த்தி பெரியப்பா: பாம்பை விட சீமைக் கருவேலமுள்தான் அதிகம். ரப்பர் செருப்புன்னா உள்ளங்கால் வரைக்கும் ஏறிடும். அடி தடிச்ச ஷூ, முழு பேண்ட். தண்ணி ஆளுக்கு 3 லிட்டர், நடுவுல கடை கிடையாது, ஆக்கூர் முக்கூட்டுலதான் டீ. கிழக்கு பாத்து நடக்கறீங்க, வெயில் மூஞ்சியில அடிக்கும், தொப்பி எடுத்துக்கோ.

செந்தில்: நானும் வரேன்

சுகன்யா அண்ணி: நீங்க எங்கயும் போகல. ஐயரை யார் பாக்கறது

பாபு மாமா: அதைக் கேக்கத்தான் வந்தேன். 16 கலசமா 64 கலசமா? இன்னிக்குச் சொல்லணுமாம்

கமலா அத்தை: 64. அண்ணனுக்கு ஒரு தடவதான்

சுகன்யா அண்ணி: செலவு யாரோடதுன்னும் சொல்லிட்டா நல்லாருக்கும்

கணேசன் சித்தப்பா: நடக்கறவங்க தில்லையாடி வரைக்கும் போய்ட்டு வாங்களேன். வள்ளியம்மை மண்டபம் இருக்கு

செந்தில்: அப்பா, கலசம்

கணேசன் சித்தப்பா: அதை உங்கம்மாகிட்ட கேளு

திவ்யா: தில்லையாடி வேணாம்பா. செம்பனார்கோயில்ல காலைல 6 மணி. பெரியப்பா, ஆக்கூர் தாண்டி நெடுஞ்சாலை குறுக்க வருமா?

மூர்த்தி பெரியப்பா: நாலுவழிச் சாலை வேலையில அங்கங்க கரையை வெட்டியிருப்பாங்க. ஆக்கூர் முக்கூட்டுக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்பு, எந்தப் பக்கம்னு சொல்றேன். அதுக்கப்புறம் கரை தெரியலன்னா தேடிக்கிட்டு நிக்காதே, பஸ் ஏறிடு.

திவ்யா: சரி. மூணு பேர் உறுதி. ஒருத்தி ஷூ வாங்கணுமாம்

கமலா அத்தை: பொறையார்க்கு நான் போன் போட்டுட்டேன். 11 பேர் வர்றாங்க

சுகன்யா அண்ணி: ரூம்?

பாபு மாமா: இலை 170ன்னு சொல்லிடவா

செந்தில்: இருங்க மாமா, சொல்லாதீங்க