மறு: ‘ரேடிகலைசேஷன்’ – படுதலா, படுத்துதலா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ரேடிகலைசேஷன் (ஒருவர் மெல்ல மெல்ல வன்முறைப் பாதைக்குப் போவது) போன்ற ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணமும் அந்த விடைத்தாள்கள்தான்.

அரூர்ப் பக்கம் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். எல்லோரும் தமிழ்வழி மாணவர்கள். மதமும் அரசியல் வன்முறையும் பற்றிய கேள்விக்கு ஒரு மாணவி எழுதியிருந்த வரி இது: “தீவிரவாதம் முற்றித் தீவிரவாதமாக மாறும்போது தீவிரவாதிகள் தீவிரவாதத்தில் இறங்குகிறார்கள்.” அவள் புரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறாள். மூன்று படிகள் இருப்பது அவளுக்குத் தெரிகிறது. எக்ஸ்ட்ரீமிசம் (எல்லை மீறிய கொள்கைப் பிடிப்பு), மிலிட்டன்சி (ஆயுதம் ஏந்திப் போராடுவது), டெரரிசம் (அச்சுறுத்துவதற்கான வன்முறை) மூன்றுக்கும் நான் கொடுத்த குறிப்பில் ‘தீவிரவாதம்’ என்ற அந்த ஒரே சொல்தான் இருந்தது. அந்த மதிப்பெண்ணைக் குறைக்க எனக்குக் கை வரவில்லை.

> பத்திரிகைகளில் ‘தீவிரவாதம்’ நிலைத்துவிட்டது. அதை ஏன் அசைக்க வேண்டும்?

சேலம் ஐயாவின் இந்தக் கேள்விக்கு என் பதில்: தீவிரம் குற்றமில்லை, ஐயா. மண்டல விரதம் முழுக்கச் செருப்பில்லாமல் நடக்கும் ஐயப்ப பக்தர் தீவிரமானவர்தான். கிருஷ்ணகிரிப் பழையபேட்டையில் தள்ளாத வயதிலும் ஒரு நோன்பைக்கூட விடாத பெரியவரும் தீவிரமானவர்தான். இருவரும் யார் மேலும் கை வைக்கப் போவதில்லை. ‘தீவிர’த்தோடு ஒரு ‘வாத’த்தை ஒட்டி அதற்குக் குண்டுவெடிப்பு என்று பொருள் கொடுத்துவிட்டோம். அதனால் பக்தி ஆழமானாலே அடுத்த படி வன்முறைதான் என்று மொழியே சொல்ல ஆரம்பித்துவிட்டது. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

‘பயங்கரவாத’த்தில் வேறு சிக்கல். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793–94-ல், அரசு தன் எதிரிகளைக் கொன்று குவித்த காலத்துக்குத்தான் ‘டெரர்’ என்று முதலில் பெயர் வந்தது. இன்று அரசு அல்லாதவர்கள் செய்வதற்கு மட்டும் அந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறோம். ஐ.நா.வில் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட வரையறை இதுவரை உருவாகவில்லை.

வரையறை கிடக்கட்டும். நம் நாளிதழ்கள் எதை எப்படி அழைத்தன என்று பாருங்கள். 1998 பிப்ரவரி 14, கோவை: தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அது ‘பயங்கரவாதம்’. சரிதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்கு மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன், போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு அதே ஊரில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அது ‘கலவரம்’. இனி எங்கள் தருமபுரி மாவட்டத்துக்கு வாருங்கள். 2000 பிப்ரவரி 2 அன்று, ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்த தீர்ப்பை எதிர்த்து அ.தி.மு.க.வினர் சிலர் இலக்கியம்பட்டியில் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். சுற்றுலாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் உள்ளேயே கருகினார்கள். அரசியல் காரணத்துக்காகச் செய்தது, ஒன்றும் அறியாத பிள்ளைகள் மேல் செய்தது. அதன் பெயர் ‘பஸ் எரிப்பு’. 2012 நவம்பர் 7-ல் நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் தாக்கப்பட்டன. அதுவும் ‘கலவரம்’. கலவரம் என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டதாக அல்லவா கேட்பவர் நினைப்பார்? அங்கே எரிந்தவை ஒரு பக்கத்து வீடுகள்.

பஸ் எரிப்பு, நத்தம் காலனி இரண்டிலும் மதம் இல்லை. அதனால்தான் கனமான சொல் கிடைக்கவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. யார் செய்தாலும், எந்தக் காரணத்துக்காகச் செய்தாலும் ஒரே மாதிரி பொருந்துகிற சொல் வேண்டும். செயலையும் வழியையும் அது சொன்னால் போதும், நம்பிக்கையைச் சொல்ல வேண்டாம். என் பரிந்துரைகளை இந்த அளவுகோலை வைத்தே பாருங்கள்.

மிலிட்டன்சிக்கு ஆயுதவழி. ‘அறவழிப் போராட்டம்’ நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதற்கு எதிரே இதை வைத்தால் விளக்கமே தேவையில்லை. ஆயுதவழி அரசியல், ஆயுதவழி இயக்கம் என்று நீட்டலாம். 1980-ல் இந்த மாவட்டத்தில் போலீஸ் வேட்டைக்கு ஆளான நக்சலைட்டுகளுக்கும் பொருந்தும், மதத்தின் பெயரில் துப்பாக்கி எடுப்பவர்களுக்கும் பொருந்தும். புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. ஓசூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், ‘ஆயுதம் வடசொல், படைக்கலவழி என்போம்’ என்றார். அக்கா, சிப்காட் தொழிற்பேட்டையில் ஆயுதபூஜை அன்று லேத்துக்குப் பொட்டு வைக்கும் தம்பிக்குப் படைக்கலம் என்றால் புரியுமா?

> மதம் வெறும் முகமூடிதான். ‘மதப்போர்வை வன்முறை’ என்று எழுதுங்கள்.

மதத்தின் பெயரில் நடக்கும் வன்முறைக்கு இன்னொரு நண்பர் தந்த இந்தச் சொல்லில்தான் நான் அதிகம் முரண்படுகிறேன். ‘மத வன்முறை’ என்றால் பழி முழுக்க நம்பிக்கையின் மேல் விழுகிறது. ‘மதப்போர்வை’ என்றால் நம்பிக்கைக்கு ஒரு பங்கும் இல்லை என்று விடுதலை கொடுத்தாகிவிட்டது. உண்மை இரண்டுக்கும் இடையில் அலைகிறது. 1995-ல் இஸ்ரேல் பிரதமர் ராபினைக் கொன்றவர் யூத மதச் சட்டத்தையே தனக்கு நியாயமாகக் காட்டினார். அதே ஆண்டு டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயு விட்ட ஓம் ஷின்ரிக்கியோ, உலக முடிவை எதிர்பார்த்திருந்த ஒரு மதக்குழு. அவர்களுக்கு அது போர்வையாக இருக்கவில்லை. மறுபக்கம், 1980 முதல் 2003 வரை நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களை அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பேப் தொகுத்தபோது, 76 தாக்குதல்களோடு பட்டியலில் முதலில் நின்றது விடுதலைப் புலிகள் அமைப்பு. அதன் கொள்கையில் மதம் இல்லை.

மதம் இல்லைதான். ஆனால் இறந்த போராளிகளுக்குத் துயிலும் இல்லம் கட்டினார்கள். உடலை ‘வித்துடல்’ என்றார்கள், விதைத்தோம் என்றார்கள், விளக்கேற்றினார்கள், கல்லை ‘நடுகல்’ என்றே அழைத்தார்கள். இந்த இடத்தில் எனக்கு எங்கள் ஊரில் சாமியாகக் கும்பிடும் வேடியப்பன் நடுகல் ஞாபகம் வருகிறது. வயல் ஓரம் புளியமரத்தடியில் இடுப்பளவுக் கல். ஒரு கையில் வில், மறுகையில் குறுவாள், காலடியில் மாடுகள் சின்னதாக. மஞ்சள் பூசிப் பூசி முகம் வழுவழுப்பாகிவிட்டது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் காய்ந்த அரளி. பாட்டி அங்கே பொங்கல் வைப்பார். யாரோ ஒருவன் மாட்டு மந்தைக்காகச் சண்டை போட்டுச் செத்திருக்கிறான், சாமியாகிவிட்டான். தருமபுரி, கிருஷ்ணகிரி முழுக்க இப்படி எத்தனை கற்கள்! சண்டையில் சாவதைப் புனிதமாக்க ஒரு வேதநூல் கட்டாயம் இல்லை என்பதற்கு நான் வேறெங்கும் போக வேண்டியதில்லை. எனவே நான் வைக்கும் சொல் மதம் முன்னிறுத்திய அரசியல் வன்முறை. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். முன்னே வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. மனதுக்குள் என்ன இருந்தது என்பதைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறது.

கடைசியாக, தலைப்பில் உள்ள சிக்கல். ரேடிகலைசேஷனுக்கு இங்கே ‘தீவிரமயமாக்கல்’ வந்தது. அதில் மறுபடி அந்தத் தீவிரம். நான் வன்முறைவழிப்படுதல் என்கிறேன். ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’ என்று புறநானூற்றில் (192) கணியன் பூங்குன்றனார் வைத்த அதே சொல். ஆற்று நீரின் வழியே போகும் தெப்பம்போல உயிர் முறையின் வழியே போகும் என்பது பொருள். ஆற்றோடு போகும் தெப்பத்துக்குத் தான் போவது தெரியாது. வேலையில்லாமல் அறையில் உட்கார்ந்து, ஒரு வீடியோ முடிந்தால் இன்னொன்று என்று பார்த்து, மெல்ல மெல்லப் பேச்சு மாறி, பழைய நண்பர்களை ஒவ்வொருவராக விட்டுவிடும் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. அவன் தானாகப் போனால் வழிப்படுதல், ஒருவர் கூட்டிப்போனால் வழிப்படுத்துதல். தன்வினையும் பிறவினையும் நம் இலக்கணத்திலேயே இருக்கின்றன. ஆங்கிலச் சொல் இதைப் பிரித்துக் காட்டுவதில்லை. வழக்கு, தண்டனை என்று வரும்போது இந்த வேறுபாடுதான் ஒரு பையனின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். ‘ஆக்கல்’ என்று பொதுவாக எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தப் பாதையிலிருந்து திரும்பக் கொண்டுவருவதற்கு வழிமீட்பு என்று வைத்திருக்கிறேன். எங்கள் நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ (மாட்டு மந்தையை மீட்டுச் செத்தான்) என்று வெட்டியிருக்கும் சொல்லிலிருந்து எடுத்தது.

‘வன்முறைவழிப்படுதல்’ வாயில் நுழையவில்லை என்று யாராவது சொல்வீர்கள். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை தடுமாறினார்கள், இரண்டாம் தடவை சொல்லிவிட்டார்கள். அந்த மாணவி மட்டும் கையைத் தூக்கி, “படுத்தினவங்களுக்கு என்ன பேர் சார்?” என்று கேட்டாள். ‘வழிப்படுத்துநர்’ என்றேன். ஆனால் ‘நெறிப்படுத்துநர்’ போல மரியாதையாக ஒலிக்கிறது. எனக்கே திருப்தி இல்லை. வேறு சொல் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கள்கிழமை புதிய குறிப்பை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அரூரிலிருந்து