கடைசிக் கல்லைக் கையில வச்சுக்கிட்டு ஏன் சும்மா விட்டாங்க?

மலைமந்திர்_மாமா:
அக்கா பொண்ணு ஒட்டாவாவுல பிறந்து வளர்ந்தவ, வயசு 18. கர்லிங்னா ஐஸ் மேல கல்லைச் சறுக்க விட்டு, தூரத்துல இருக்கிற வட்டத்துக்கு நடுவுல நிறுத்துற ஆட்டம். கனடா தேசிய ஜூனியர் கர்லிங்ல அவ அணிக்கு லீடு, அதாவது முதல்ல கல் விடுறவ. ரெண்டு அணியும் மாத்தி மாத்தி எட்டெட்டுக் கல் விடுற ஒரு சுத்துக்கு எண்டுன்னு பேரு; நடுவுக்குக் கிட்ட கல் வச்சிருக்கிற அணிக்கு மட்டும்தான் அதுல பாயிண்ட். ஒவ்வொரு எண்டுலயும் அணியோட முதல் ரெண்டு கல்லும் அவதான் விடுவா. அங்க ராத்திரி 7 மணின்னா இங்க டெல்லி ஆர்.கே.புரத்துல விடிகாலை 5.30. ரஜாய்ப் போர்வைக்குள்ள உக்காந்து நானும் அம்மாவும் போன்ல பார்த்தோம். "இங்க வந்தா துடைப்பத்தைத் தொடமாட்டா, அங்க ஐஸைப் பெருக்குறாளே!"ன்னு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

வில்லங்கம் அப்புறம்தான். 4-4. கடைசிக்கு முந்தின எண்டு, கடைசிக் கல் நம்ம பக்கம். வட்டத்துல ஒரு கல்கூட இல்லை. ஸ்கிப் (கேப்டன்) பொண்ணு மெதுவா விட்டு நிறுத்தினா ஒரு பாயிண்ட். அவளோ வேணும்னே வேகமா விட்டு வட்டத்தைத் தாண்டி வெளிய அனுப்பிட்டா! அடுத்த எண்டுல எதிரணிக் கல் நடுவுல உக்காந்துடுச்சு. நம்ம கடைசிக் கல் வளையாம நாலு விரல் தள்ளிப் போச்சு. 5-4, தோல்வி.

"கையில வந்ததை விட்டா இப்படித்தான்"னு அம்மா புலம்பல். சாயங்காலம் அவகிட்ட பேசணும். ஏன் அப்படிப் பண்ணாங்க?

கேரம்_கிறுக்கன்:
சரியாத்தான் பண்ணியிருக்காங்க சார். பாயிண்ட் எடுத்த அணி அடுத்த எண்டுல முதல்ல விடணும்; கடைசிக் கல் எதிராளிக்குப் போயிடும். யாருமே எடுக்கலைன்னா அது இருந்த இடத்துலயே இருக்கும். ஒண்ணை எடுத்திருந்தா 5-4, ஆனா கடைசி எண்டுல 16-வது கல் அவங்ககிட்ட. அவங்க ரெண்டு எடுத்தா ஆட்டம் முடிஞ்சுது. கேரம்ல வர்ற காயையெல்லாம் போட்டுட்டு ரெட்டுக்கு ஃபாலோ இல்லாம முழிப்போமே, அந்தக் கதைதான்.

ஒலிம்பிக்ஸ்ல கலப்பு இரட்டையர் பார்த்திருந்தா குழம்பும். அதுல காலியா விட்டா கடைசிக் கல் கைமாறிடும்.

கால்கரி_ரிட்டர்ன்:
அம்மாகிட்ட சொல்லுங்க, அது பெருக்குறது இல்லை, தேய்க்கிறது. ஆட்டத்துக்கு முன்னாடி ஐஸ் மேல வாசல் தெளிக்கிற மாதிரி தண்ணித் துளிகளைத் தூவுவாங்க. அது பொடிப்பொடி மேடா உறைஞ்சுடும். கல்லு கிட்டத்தட்ட 20 கிலோ, ஆனா அடிப்பக்கம் குழிவு. ஒரு மெல்லிய வளையம்தான் ஐஸ்ல படும். முன்னாடி தேய்ச்சா அந்த மேடு சூடாகி கல் கூடக் கொஞ்ச தூரம் போகும், வளையறதும் குறையும். ஸ்கிப் கத்துறது அதுக்குத்தான்.

லீடு தன் ரெண்டைத் தவிர மத்த ஆறு கல்லுக்கும் தேய்க்கணும். தோள் பிஞ்சுடும். ஸ்கிப்பைப் பத்திக் கேக்காதீங்க, தோள் வலிக்குதான்னு கேளுங்க.

மலைமந்திர்_மாமா:
ரெண்டு பேருக்கும் நன்றி. தோள் வலியைக் கேக்கலாம்னு ஒத்திகை பார்த்துட்டுப் போனைப் போட்டா, அம்மா பிடுங்கிட்டாங்க. "ஏண்டி, காலியா விட்டது சரிதான். கடைசிக் கல்லுக்கு ஒழுங்கா தேய்ச்சியா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு உயிரே போச்சு.

"பாட்டி, ஸ்கிப் சொல்றதுக்கு முன்னாடியே நான் தேய்க்க ஆரம்பிச்சுட்டேன். அதான் வளையலை. இன்னும் யார்கிட்டயும் சொல்லலை."

அப்புறம் ரெண்டு பேரும் அரை மணி பேசினாங்க, என் கைக்குப் போன் வரவே இல்லை. நாளைக்கும் 5.30-க்கு ஆட்டம் இருக்காம். அம்மா இப்பவே அலாரம் வைக்கச் சொல்றாங்க.