வேலூர் வெயில், மேல்மாடி வீடு, ஒரு பக், ஒரு ஸ்பிட்ஸ்: கத்திரியைத் தாண்ட வழி சொல்லுங்கள்

காட்பாடிவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். வீட்டில் ஏற்கெனவே ஜிம்மி என்ற ஸ்பிட்ஸ் இருக்கிறது. எட்டு வயது, பொமரேனியன் என்று சொல்லி விற்றார்கள். அண்ணனுக்குத் துபாயில் வேலை கிடைத்துப் போனதில் அவருடைய பக் நாயும் இப்போது எங்கள் பொறுப்பு. அண்ணன் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் குண்டு. பெயருக்குக் குறைவில்லாத உடம்பு.

நானும் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். அப்பா வீட்டில் இருக்கிறார், ஆனால் மதியம் கண்ணயர்ந்துவிடுவார். மே 4 அன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. அதற்கு முன்பே இங்கே 40 டிகிரியைத் தொட்டுவிட்டது. ஏ.சி. படுக்கையறையில் மட்டும்தான், நாள் முழுக்க ஓடவிட்டால் மின்கட்டணம் கட்டி மாளாது. குண்டு சும்மா படுத்திருக்கும்போதே குறட்டை விடுகிறது. அதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

ஜிம்மிக்கு முடியை ஒட்ட வெட்டிவிடலாமா? ஏர் கூலர் வாங்கினால் போதுமா? மாடியில் தகர ஷெட் ஒன்று இருக்கிறது, காற்று நன்றாக வரும், அங்கே கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார் வீட்டு உரிமையாளர். திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் அப்பா ஒருவராக என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர், திருவண்ணாமலை:

தம்பி, கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. ஆனால் இந்த மாவட்டங்களின் கோடையில் நிறைய நாய்களைத் தூக்கி மேசையில் வைத்திருக்கிறேன்.

முதலில் அந்தத் தகர ஷெட் பேச்சை விடுங்கள். மதியம் ஒரு மணிக்கு வீட்டு உரிமையாளரையே அதற்குள் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள், யோசனையைத் தானாகத் திரும்பப் பெற்றுக்கொள்வார். காற்று வரும்தான், வருவது அனல்காற்று.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுக்க வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் கசியும். மற்றபடி எல்லாம் மூச்சு வழிதான். நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடும் கூடவே போகிறது. பக் நாயின் முகத்தைத் தட்டையாக்கி இனம் பெருக்கியதில் மனிதன் அந்த வழியையே பாதி அடைத்துவிட்டான். மூக்குத் துளை குறுகல், தொண்டையில் சதை தொங்கும். மூச்சிரைப்பதற்கே அது தசையைப் போட்டு உழைக்க வேண்டியிருப்பதால் உடம்பு இன்னும் சூடேறுகிறது. கொழுப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் உங்கள் வீட்டில் கவலைப்பட வேண்டியது ஜிம்மியைப் பற்றி அல்ல, குண்டுவைப் பற்றி. சாப்பாட்டின் அளவை இன்றிலிருந்தே குறையுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்போடு மாட்டும் வார் வாங்குங்கள். பட்டை மூச்சுக்குழலை அழுத்தும்.

ஏ.சி. நாள் முழுக்க வேண்டாம். பதினொன்றரையிலிருந்து நான்கரை வரை 27 அல்லது 28 இல் வைத்து, மின்விசிறியையும் ஓடவிடுங்கள். அப்பாவின் கட்டிலையும் அந்த அறைக்கே மாற்றிவிட்டால் ஒரே கட்டணத்தில் மூவருக்கும் ஆயிற்று. அந்த வயதில் அவருக்கும் அது தேவை, நாயின் பெயரைச் சொல்லிச் செய்தால் மறுக்க மாட்டார். கூலர் நம் பக்கத்து வறண்ட மதியத்துக்கு நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிவைத்து ஓட்டினால் அறை முழுக்க ஈரம் நிறைந்து, நாயின் நாக்கு ஈரம் ஆவியாகாது. மின்வெட்டு வரும் என்பதால் இன்வெர்ட்டரில் அந்த அறையின் மின்விசிறி இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிம்மிக்கு ஒட்ட வெட்டவே கூடாது. ஸ்பிட்ஸுக்கு இரண்டு அடுக்கு மயிர். வெயில் நேராகத் தோலில் படாமல் மேலடுக்கு காக்கிறது. ஒட்ட வெட்டினால் தோல் வெந்துபோகும், சிலவற்றுக்கு மயிர் திரும்பச் சரியாக முளைப்பதும் இல்லை. கம்பிச் சீப்பால் தினமும் வாரி, பஞ்சு பஞ்சாக உதிரும் அடிமயிரை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போகும். வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் கத்தரிக்கலாம். வாரும்போதே காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கோடை உண்ணிக்குக் கொண்டாட்டக் காலம். உண்ணிக் காய்ச்சலில் சோர்ந்து கிடக்கும் நாயைப் பார்த்து, வெயில்தான் காரணம் என்று இருந்துவிடுபவர்கள் அதிகம்.

இன்னொன்று. என்னிடம் ஹீட் ஸ்ட்ரோக்கோடு வந்தவற்றில் வெயிலில் கட்டிப்போட்ட நாய்களைவிட, மாலை ஐந்து மணிக்குப் பந்து விளையாடிய நாய்களும் தார்ச்சாலையில் நடந்த நாய்களும்தான் அதிகம். வெயில் தாழ்ந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும், சாலைக்குத் தாழ்ந்திருக்காது. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. காலையில் ஆறு மணிக்குள் நடையை முடியுங்கள், இரவில் எட்டுக்கு மேல் சும்மா கீழே இறக்கிக் கொண்டுவாருங்கள். குண்டுவுக்கு ஓட்டமே வேண்டாம்.

அப்பாவுக்கான பகுதி இது. தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

மூச்சிரைப்பு நிழலில் வைத்தும் அடங்கவில்லை, எச்சில் கெட்டியாகக் கயிறுபோல் தொங்குகிறது, ஈறு செக்கச் சிவந்திருக்கிறது, நடை தள்ளாடுகிறது, வாந்தி எடுக்கிறது என்றால் உடனே தண்ணீர் ஊற்றத் தொடங்க வேண்டும். முதலில் குளிரவைப்பது, பிறகுதான் ஆட்டோ. குளிரவைக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினால் வழியிலேயே உள்ளுறுப்புகள் வெந்துவிடும். நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் ஆபத்து, 106க்கு மேல் உயிருக்கே உலை.

இங்கேதான் மேல்மாடி வீட்டில் ஒரு சிக்கல். மதியம் குழாயைத் திறந்தால் மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியின் தண்ணீர் வரும். கை வைக்க முடியாது. அதை ஊற்றினால் கதை முடிந்தது. அதனால் விடிகாலையிலேயே இரண்டு வாளித் தண்ணீரைப் பிடித்துக் குளியலறையில் மூடி வைத்துவிடுங்கள். வயிறு, தொடையிடுக்கு, கழுத்து, தலை என்று குவளையால் தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மின்விசிறி நேராக மேலே பட வேண்டும். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகக் கூடாது. ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு, கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டே சூடாகிப் போர்வையாகிவிடும். நினைவில்லாத நாயின் வாயில் மோரோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். சூடு 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகக் கோளாறும் இரத்தம் உறையாமை போன்ற சிக்கலும் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

மதியத்தில் பூட்டிவிடும் மருத்துவமனைகள் நிறைய. எது திறந்திருக்கும் என்று இப்போதே விசாரித்து எண்ணை அதே தாளில் எழுதுங்கள். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தால் வரும் ஊர்தி முதன்மையாக ஆடு மாடுகளுக்காக வந்தது. குண்டுவை அள்ளிக்கொண்டு நீங்களே போவதுதான் விரைவு.

மந்தைவெளி மாமி:

ஆய்வாளர் ஐயா சொன்னது வேலூருக்குச் சரி. சென்னையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூலர் வாங்க ஓடாதீர்கள். இங்கே 36 டிகிரிதான் காட்டும், ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு எங்கள் வீட்டு லாப்ரடார் ராத்திரி பத்து மணிக்கும் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும். கூலர் போட்டால் புழுக்கம் இரட்டிப்பாகும். கடற்காற்று வரும் பக்கத்து ஜன்னலும் மின்விசிறியும் போதும், முடியாத நாளில் ஏ.சி.

தண்ணீருக்கு எவர்சில்வர் கிண்ணம் வைக்காமல் மண் சட்டி வையுங்கள். பளபளப்புப் பூச்சு இல்லாத சட்டியாக இருக்க வேண்டும், அதில்தான் தண்ணீர் குளிரும். குளிர்ந்த மோர்ச் சாதம் கொடுக்கலாம், உப்பைக் குறைத்து. நமக்குப் போடுவதுபோல் வெங்காயம் நறுக்கிப் போட்டுவிடாதீர்கள், நாய்க்கும் பூனைக்கும் அது விஷம். திராட்சையும் கூடாது. தர்ப்பூசணி விதை எடுத்துக் கொடுத்தால் எங்கள் வீட்டில் தோல்வரை நக்கிவிடும்.

பாளையங்கோட்டை பூனைவீடு:

நாய்க்காரர்களுக்கு நடுவில் ஒரு பூனைக்காரியின் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாய் வாயைத் திறந்து இரைப்பது வழக்கம், பூனை அப்படிச் செய்தால் அது ஆபத்தின் அடையாளம். எங்களிடம் ஒரு பெர்ஷியனும் ஒரு வெள்ளை நாட்டுப் பூனையும் இருக்கின்றன. பெர்ஷியனுக்கு உங்கள் பக் நாயின் கதைதான், அதே தட்டை மூக்கு. வெள்ளைப் பூனைக்கு வேறு கவலை. காது நுனியில் மயிர் மெல்லியதாக இருப்பதால், கைப்பிடிச் சுவரில் வெயில் காய்ந்து காய்ந்து அங்கே புற்றுநோய்கூட வரும் என்று மருத்துவர் சொன்னார். பத்து மணிக்கு மேல் பால்கனிக் கதவு மூடப்பட்டுவிடும். அது கதவுக்கு வெளியே செய்ய வேண்டிய கலாட்டாவை உள்ளே செய்யும், செய்யட்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். உடம்பு கொதிக்கிறது என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். வெயிலால் ஏறிய சூட்டை அது இறக்காது, பூனைக்கோ ஒரே ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்.

ஐயா, தெருவில் தண்ணீர்த் தொட்டி வைப்பவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்களேன். எங்கள் தெருவில் சிமெண்ட் தொட்டியைப் போன கோடையில் நிரப்பியதோடு சரி.

ஓய்வுபெற்ற ஆய்வாளர், திருவண்ணாமலை:

நல்லதைச் சொன்னீர்கள் அம்மா. தினமும் கவிழ்த்துத் தேய்த்து நிரப்ப முடியாதவர்கள் தொட்டியே வைக்க வேண்டாம். கொசுதான் குடும்பம் நடத்தும். நிழலில், வண்டி ஏறாத இடத்தில், நாய்க்குட்டி விழுந்தால் ஏறிவரக்கூடிய ஆழத்தில் வைக்க வேண்டும்.

காட்பாடிவாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்பாவின் கட்டில் மாறிவிட்டது. முதலில் முறைத்தார், இப்போது குண்டுவைப் பார்த்துக்கொள்வது தன்னுடைய அலுவல் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு வாளியும் நிரம்பியிருக்கின்றன. முடிவெட்டும் கடையில் ஜிம்மிக்குப் பதிவு செய்திருந்ததை ரத்து செய்தாயிற்று. ஒரு சந்தேகம் மட்டும்: சூட்டை அளக்க நாம் பயன்படுத்தும் தெர்மாமீட்டரே போதுமா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர், திருவண்ணாமலை:

போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் வகை, நுனியில் கொஞ்சம் வாஸ்லைன் தடவி ஆசனவாயில் வைக்க வேண்டும். தனியாக ஒன்று வாங்கி, சிவப்பு நாடா சுற்றி, நாய்ப் பொருள்களோடு வையுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் வரும்போது யார் கண்ணிலும் அது படக் கூடாது.