கிராம சபையில் சொந்தக்காரர் கொண்டுவரும் தீர்மானத்தை எதிர்ப்பது எப்படி?

தென்காசிப் பக்கம் சின்ன ஊராட்சி எங்களுடையது. அக்டோபர் 2 கிராம சபையில், குளக்கரை மருத மரங்களை வெட்டிவிட்டு பேவர் பிளாக் பாதை போடத் தீர்மானம் வருகிறது. எனக்குத் துளியும் சம்மதமில்லை. ஆனால் தலைவர் எனக்குச் சித்தப்பா முறை, அடுத்த மாதம் அவர் வீட்டுக் கல்யாணத்தில் நான்தான் பந்தி பார்க்கணும். போன தடவை ஒருவர் "யார் பாக்கெட்டுக்குப் போகுது?" என்று ஆரம்பித்து, சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய், குடிதண்ணீர் விஷயம் பேசாமலே கூட்டம் கலைந்தது. எப்படிப் பேசுவது?

சாரல்: திருடன் என்று சொல்லிவிட்டால் அவர் பாதையைப் பற்றியா பேசுவார், தன் மானத்தைத்தான் பேசுவார். "பாதை வேணும்னுதான் நானும் சொல்றேன், மரத்தை விட்டுட்டு மேற்குக் கரையில போட்டா எவ்வளவு ஆகும், மதிப்பீட்டை வாசிங்க" என்று கேளுங்கள். முதல் நாளே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது நல்லது.

மேலத்தெரு: சாரல் சொன்ன முதல் பாதி சரி. வீட்டுக்குப் போவதுதான் எனக்கு ஒப்பவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்தால் மறுநாள் வாய் வராது, அதுவும் போக ஊர் விஷயத்தைத் திண்ணையில் முடிப்பதென்றால் சபை எதற்கு? அங்கே சித்தப்பா வேண்டாம், "தலைவர் அவர்களே" போதும். எதிர்ப்பை எழுதிக் கொடுத்து தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வேண்டும், அது வாங்கியாச்சா என்று கேட்டாலே பாதிப் பேச்சு மிச்சம். ஊரில் 501 முதல் 3000 பேர் வரை என்றால் 100 பேராவது வந்திருக்கணும், அதையும் பாருங்கள்.

பழைய பேப்பர்: இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே, 1972இல் ராஜாஜி இறந்தபோது பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுததைச் சொல்வார்கள். அதே பெரியார் 1953இல் ராஜாஜியின் கல்வித் திட்டத்தை எதிர்த்ததில் நட்புக்காக ஒரு இம்மிகூடக் குறைக்கவில்லை. அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். பந்தியும் பாருங்கள், எதிர்த்தும் பேசுங்கள்.

கேட்டவர்: சரி, வீட்டுக்குப் போகவில்லை, போனில் "நாளைக்கு எதிர்த்துப் பேசுவேன்" என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மதிப்பீட்டு நகலைச் செயலரிடம் கேட்டிருக்கிறேன். மேற்குக் கரையில் ஒரு சிக்கல், அங்கே தென்னை வைத்து வளைத்துப் போட்டிருப்பவர் எங்கள் தாய்மாமா. அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடணும் போல.